கண்ணாடி போன்ற தண்ணீரில் மீன்கள் ஏன் சாகின்றன?

வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய ஒரு வீட்டின் விறாந்தையில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. சுமார் 120 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். அந்த வீட்டு அக்கா இருபது வருடங்களுக்கு மேல் முகாமிலும் உறவினர் வீடுகளிலும் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கணவர் இல்லை. தையலோடு சேர்த்து, அலங்கார மீன் குஞ்சுகளை விற்று வரும் காசும் அவருக்குத் தேவை. வாழ்வாதார உதவியாகத் தொட்டியும் முதல் தொகுதி மீன்களும் வந்தன. அவற்றை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதைச் சொல்ல யாரும் வரவில்லை.

அவர் வளர்ப்பது ‘எலெக்ட்ரிக் யெலோ’ என்று கடைகளில் சொல்லப்படும் மஞ்சள் மீன். ஆபிரிக்காவின் மலாவி ஏரிக்குரிய சிக்லிட் இனம். நமது குளங்களில் பிடிபடும் திலாப்பியாவும், கடைகளில் விற்கும் ஒஸ்காரும் ஏஞ்சலும் இதே சிக்லிட் குடும்பம்தான். இந்த மஞ்சள் மீனின் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்து ஏறத்தாழ மூன்று வாரம் காக்கும். குஞ்சுகள் வெளிவரும்வரை ஒழுங்காகச் சாப்பிடாது.

மூன்று தடவை மீன் வாங்கிவிட்டார். மூன்று தடவையும் செத்துவிட்டன.

“தம்பி, தண்ணி கண்ணாடி மாதிரித்தானே இருக்கு. ஒரு ஊத்தையும் இல்லை. பிறகு ஏன் சாகுது?” என்று கேட்டார்.

அயலில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணூறு என்றார் ஒருவர். கடைக்காரன் வருத்தக்கார மீனைத் தள்ளிவிட்டான் என்றார் இன்னொருவர். “ஆமி இருந்த காணி, கிணத்துக்குள்ளை என்னத்தைப் போட்டாங்களோ” என்று மெதுவாகச் சொன்னவரும் உண்டு. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்து விடுபட்ட காணிகளில் வாழ்பவர்களுக்கு அந்தப் பயம் வருவதில் வியப்பில்லை. அதைச் சிரித்துத் தள்ள எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் மீன் விடயத்தில் முதலில் பார்க்க வேண்டியது கலண்டரைத்தான்.

மீன்கள் எப்படிச் செத்தன என்பதைவிட எப்போது செத்தன என்பதே அதிகம் சொல்லும். ஒரே இரவில் எல்லாம் மிதந்தால் நஞ்சு, குளோரீன், ஒக்சிசன் பற்றாக்குறை ஆகியவற்றை நினைக்க வேண்டும். நாளுக்கு ஒன்று இரண்டாக, தொட்டி வைத்த சில நாட்களில் தொடங்கி மூன்று நான்கு வாரங்களுக்குள் செத்தால் பெரும்பாலும் அமோனியாவும் நைத்திரைற்றும்தான். மாதக்கணக்கில் நன்றாக இருந்த தொட்டியில் ஒரு மீன் மட்டும் செத்தால் நோய், சண்டை அல்லது வயது.

அக்காவின் கொப்பியில் தையல் கணக்கோடு மீன் வாங்கிய திகதிகளும் இருந்தன. ஒவ்வொரு தடவையும் எட்டாம், ஒன்பதாம் நாளில் முதல் மீன் செத்திருந்தது. மூன்றாம் வாரத்துக்குள் எல்லாம் முடிந்திருந்தது. “மீன் செத்ததும் என்ன செய்வீங்கள்?” என்று கேட்டேன். தொட்டியை முழுதாக இறைத்து, மணலையும் வடிகட்டியின் பஞ்சையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதிதாகக் கிணற்றுத் தண்ணீர் நிரப்புவாராம். அந்தத் துப்புரவில்தான் சிக்கல் இருந்தது.

மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய சாப்பாடும் கழிவும் அழுகும்போதும் அமோனியா வரும். வடிகட்டிப் பஞ்சிலும் மணலிலும் குடியேறும் பற்றீரியாக்களில் ஒரு வகை அதை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அவ்வளவு கொடியதல்ல. இந்தப் பற்றீரியாக்கள் மெதுவாகவே பெருகும். புதிய தொட்டியில் அவை போதிய அளவுக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். அக்கா ஒவ்வொரு தடவையும் அவற்றைக் கழுவி ஊற்றிவிட்டு, வெறுந்தொட்டிக்குள் பதினைந்து மீன்களை ஒரே நாளில் விட்டிருக்கிறார். அமோனியாவும் நைத்திரைற்றும் நிறமற்றவை. தண்ணீர் தெளிவாக இருப்பது எதற்கும் சான்றல்ல.

வலிகாமத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் கிணற்றுநீர் கடினமானது, சற்றுக் காரமானது. மலாவி ஏரி மீனுக்கு அது நல்லதே. அந்த ஏரியின் தண்ணீரும் காரமானதுதான். ஆனால் அமோனியாவின் வீரியம் தண்ணீரின் காரத்தன்மையோடு ஏறும். 28 பாகை வெப்பத்தில், பி.எச் பெறுமானம் 7 ஆக இருந்தால், தண்ணீரிலுள்ள மொத்த அமோனியாவில் 1 வீதத்துக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். பி.எச் 8 ஆனால் அது 6 வீதத்தைத் தாண்டும். அதாவது அதே அளவு கழிவு இங்கே ஒன்பது, பத்து மடங்கு நஞ்சாகிறது. அழகுக்காக முருகைக்கல்லும் சிப்பியும் போட்டிருந்தால் தண்ணீர் அந்தக் காரநிலையிலேயே நிற்கும்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. மீன் சாகத் தொடங்கினால் தொட்டியை இறைக்காதீர்கள். சாப்பாட்டை இரண்டு நாள் நிறுத்துங்கள். செத்த மீனை உடனே எடுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள், தேவைப்பட்டால் மறுநாளும் அப்படியே. கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை உடனே ஊற்றாமல் ஓர் இரவு வாளியில் வைத்துக் காற்றுக்குழாய் போட்டுவிடுங்கள். நிலத்தடி நீரில் ஒக்சிசன் குறைவாகவும் காபனீரொட்சைட்டு அதிகமாகவும் இருக்கலாம். பஞ்சைக் கழுவ வேண்டுமென்றால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தெடுங்கள். சவர்க்காரம் வேண்டவே வேண்டாம். நோயில்லாத பழைய தொட்டியொன்றின் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் வாரக்கணக்கான காத்திருப்பு மிச்சம். முதலில் மூன்று நான்கு மீன்களோடு தொடங்குங்கள்.

மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறினால் நைத்திரைற்றாக இருக்கலாம். அது இரத்தத்தின் ஈமோகுளோபினோடு சேர்ந்து ஒக்சிசனைச் சுமக்க விடாது, செவுள் மண்ணிறமாகும். லீற்றருக்கு ஒரு கிராம் அளவில் சாதாரண உப்பைக் கரைத்து விட்டால், உப்பிலுள்ள குளோரைட்டு நைத்திரைற்று செவுளுக்குள் போவதைத் தடுக்கும்.

ஒரே இரவில் எல்லாம் செத்த கதைகளும் இங்கே உண்டு. டெங்கு காலத்தில் அடிக்கும் நுளம்புப் புகையிலும் வீட்டில் விசிறும் மருந்துகளிலும் உள்ள பைரெத்ரொயிட் வகை இரசாயனங்கள் மீனுக்கு மிகக் கொடிய நஞ்சு. காற்று மோட்டர் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் விடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். புகை அடிக்கும்போது மோட்டரை நிறுத்தித் தொட்டியைப் பொலித்தீனால் மூடுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குக் குளோரீன் இட்டால், அந்தத் தண்ணீர் மீனின் செவுளையும் வடிகட்டிப் பற்றீரியாவையும் சேர்த்தே கொல்லும். குழாய்நீருக்கு மாறியவர்களுக்கும் இதே எச்சரிக்கை. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்களில் பல தொட்டிகள் வெறுமையாகின. அடைத்த வடிகட்டிக்குள் மணிக்கணக்கில் தண்ணீர் ஓடாவிட்டால் உள்ளே அழுகல் தொடங்கும். கரண்ட் வந்ததும் அப்படியே போட்டால் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் வரும். முதலில் பஞ்சைப் பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

சிக்லிட் சண்டைக்கார மீன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மீன் மட்டும் மூலையில் ஒதுங்கி, செட்டை கிழிந்திருந்தால், மருந்து தேடாமல் கற்களை அடுக்கி ஒளிக்க இடம் கொடுங்கள். வயிறு ஊதி, சாப்பிடாமல், வெள்ளை நூல் போலக் கழிவு போனால் அது மலாவி மீன்களுக்கு வரும் வயிற்று வீக்க நோயாக இருக்கலாம். அளவுக்கு மிஞ்சிய, கொழுத்த இறைச்சி உணவு அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

நான் கொண்டுபோன சொட்டுமருந்துச் சோதனைப் பெட்டியில் அமோனியா, நான் எதிர்பார்த்தது போலவே கூடுதலாகக் காட்டியது. எதிர்பாராதது நைத்திரேற்றுக் குழாய். ஒப்பிட்டுப் பார்க்கக் கிணற்றுத் தண்ணீரை நேரே ஊற்றியபோதும், மீனே காணாத அந்தத் தண்ணீர், செம்மஞ்சளைத் தாண்டிச் சிவந்தது.

யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று இருப்பது புதிய செய்தியல்ல. 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். வெங்காயத் தோட்டங்களுக்கும் புகையிலைக்கும் இடும் பசளையும், மலசலகூடக் குழிகளின் கசிவும் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாகக் கீழே இறங்குகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த எல்லை புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை நினைத்து வைக்கப்பட்டது. குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, மீனின் இரத்தத்தில் நடக்கும் அதே வேலையைக் குழந்தையின் இரத்தத்திலும் செய்யும். உதடும் நகமும் நீலம் பாயும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைய, அது இன்னும் செறிவடையும்.

அக்காவின் மகளுக்கு நான்கு மாதக் குழந்தை இருந்தது. புட்டிப்பால்தான். மீன் சோதனைப் பெட்டி குடிநீரை அளக்கும் கருவியல்ல என்றும், தண்ணீரை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கும் வழியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கும்படியும், அதுவரை பாலுக்கு வேறு தண்ணீர் எடுக்கும்படியும் சொன்னேன். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. குசினிக்குப் போய் கேத்தலில் இருந்த தண்ணீரை எடுத்து வந்து முற்றத்துத் தென்னைக்கு ஊற்றினார்.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு போனபோது தொட்டியின் கண்ணாடியில் பச்சைப் பாசி பிடித்திருந்தது. அக்கா அதைக் கழுவவில்லை. நான்கு மீன்கள் இருந்தன. ஒன்றின் தாடை புடைத்திருந்தது, சாப்பாடு போட்டபோது அது கிட்ட வரவில்லை. விறாந்தை மூலையில் பவுசரில் பிடித்த தண்ணீர்க் கலன்கள் இரண்டு இருந்தன. குழந்தைக்கான கலனில் மட்டும் மகளின் கையெழுத்தில் ‘பிள்ளைக்கு’ என்று எழுதியிருந்தது.