கால்வேக்கு எப்போது, எத்தனை நாள்?

டப்ளினிலிருந்து தினமும் காலையில் சுற்றுலாப் பேருந்துகள் மேற்குக் கரையை நோக்கிக் கிளம்புகின்றன. மோஹர் செங்குத்துப் பாறைகளைக் காட்டி, கால்வே நகரில் கொஞ்ச நேரம் இறக்கிவிட்டு, இரவுக்குள் டப்ளினுக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். முதல்முறை அயர்லாந்து போகிறவர்கள் பலர் கால்வேயைப் பார்ப்பது இப்படித்தான். செலவு மிச்சம்தான். ஆனால் அந்த ஊர் களைகட்டுவதே பேருந்துகள் திரும்பிப் போன பிறகு. மூன்று இரவாவது அங்கே தங்கினால்தான் போனதற்கு அர்த்தம் உண்டு.

சுமார் 85,000 பேர் வாழும் சிறிய நகரம் கால்வே. கோரிப் ஏரியில் புறப்படும் கோரிப் ஆறு ஆறே கிலோமீட்டர் ஓடி, ஊரின் நடுவே பாய்ந்து கால்வே விரிகுடாவில் விழுகிறது. நீளம்தான் குறைச்சல், வேகத்துக்குக் குறைவில்லை. கோடையில் பேராலயத்தின் பக்கத்திலுள்ள சால்மன் வியர் பாலத்தில் நின்று குனிந்தால், சால்மன் மீன்கள் எதிர்நீச்சல் போடுவதைப் பார்க்கலாம். 1965-இல் திறக்கப்பட்ட அந்தப் பேராலயம் எழும்பியிருப்பது பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில்.

முதல் நாளுக்கு வாகனமே வேண்டாம். ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள ஐர் சதுக்கத்தில் தொடங்கி, வண்டிகள் நுழையாத ஷாப் ஸ்ட்ரீட் வழியாக ஆற்றுப்பக்கம் இறங்கினால் போதும். ஒரு காலத்தில் ஊரை ஆண்டவை பதினான்கு வணிகக் குடும்பங்கள். ஸ்பெயினோடு திராட்சை மது வியாபாரம் செய்து கொழித்தவை. அவற்றில் ஒன்றான லிஞ்ச் குடும்பத்தின் கல்மாளிகையில் இன்று ஒரு வங்கிக் கிளை நடக்கிறது. கொஞ்சம் தள்ளி, ஒரு கல்பெஞ்சில் ஆஸ்கர் வைல்டும் எஸ்தோனிய எழுத்தாளர் எட்வர்ட் வில்டேயும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். நிஜத்தில் இருவரும் சந்தித்ததே இல்லை. 2004-இல் எஸ்தோனியா அன்பளிப்பாகத் தந்த சிலை அது.

சனிக்கிழமை போனால் 1320-ஆம் ஆண்டின் புனித நிக்கோலஸ் தேவாலயத்தை ஒட்டிச் சந்தை கூடியிருக்கும். தெரு முடியும் இடத்தில் ஸ்பானிஷ் ஆர்ச் என்னும் 1584-ஆம் ஆண்டு வளைவு. 1755-இல் லிஸ்பனை நொறுக்கிய நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை இவ்வளவு தூரம் வந்து இதையும் சிதைத்துவிட்டுப் போனது. பக்கத்திலுள்ள நகர அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. ஆற்றின் மறுகரைதான் கிளாடா, பழைய மீனவர் குடியிருப்பு. இரு கைகள் ஒரு இதயத்தை ஏந்தியிருக்கும் கிளாடா மோதிரத்துக்குப் பெயர் தந்த இடம் இதுதான். அப்படியே கடலோரமாக நடந்தால் சால்ட்ஹில். அங்கே நடைபயிற்சிக்கு வருகிறவர்கள் பாதை முடியும் இடத்தில் சுவரை ஒரு உதை உதைத்துவிட்டுத் திரும்புவது வழக்கம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

இரவில் இசை. கிரேன் பார், டீ கோலி போன்ற மதுக்கூடங்களில் மேடை கிடையாது. ஒரு மூலையில் மேசை. அதைச் சுற்றி ஃபிடில், புல்லாங்குழல், கான்செர்டினா, நம் பறையைப் போல ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய பௌரான். ஒருவர் மெட்டை எடுப்பார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இரண்டு மூன்று சுற்று வந்ததும் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். குடிக்காதவர்கள் ஒரு சோடாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. ஆனால் 18 வயது நிரம்பாதவர்களுக்கு இரவு 9 மணிவரைதான் அனுமதி. மே முதல் செப்டம்பர் வரை 10 மணி.

இரண்டாம் நாள் அரன் தீவுகளுக்கு. பேருந்தில் ரோசவீல் துறைமுகம் போனால், அங்கிருந்து படகில் முக்கால் மணி நேரத்துக்குள் பெரிய தீவான இனிஷ்மோர். படகுத்துறையிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். டூன் ஏங்கஸ் என்ற பழங்காலக் கற்கோட்டை, கடலுக்கு மேலே சுமார் 100 மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பை ஒட்டி நிற்கிறது. பிள்ளைகளின் கையை விட்டுவிடக் கூடாத இடம். காற்று பலமானால் படகு ஓடாது. அதனால் தீவைக் கடைசி நாளுக்கு ஒத்திப்போடாமல் இருப்பது நல்லது. 214 மீட்டர் வரை உயரும் மோஹர் பாறைகளுக்குக் கால்வேயிலிருந்து சாலை வழியாக ஒன்றரை மணி நேரம். மூடுபனி இறங்கினால் அங்கே வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியாது. நாள் கைவசம் இருந்தால் மறுநாள் போய்க்கொள்ளலாம்.

எப்போது போவது? ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். ஜூலையில் கலைவிழா, மாதக் கடைசியில் ஏழு நாள் குதிரைப் பந்தயம். பந்தய வாரத்தில் அறை வாடகை எகிறும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு மே அல்லது செப்டம்பர் தோது. செப்டம்பரில் 1954 முதல் நடக்கும் சிப்பி விழாவும் உண்டு. எந்த மாதம் போனாலும் மழை வரும், அதோடு காற்றும். குடை தாங்காது, தலையை மூடும் மழைக்கோட்டுதான் சரி.

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். டப்ளின் விமான நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்தும் இருக்கிறது. வாடகைக் கார் எடுத்தாலும் இடப்பக்கமே ஓட்டலாம். செலாவணி யூரோ. ஆனால் அதை வைத்து ஒரு தவறான கணக்குப் போட்டுவிடக் கூடாது: அயர்லாந்து ஷெங்கன் வட்டாரத்தில் இல்லை. பாரிஸுக்கோ ரோமுக்கோ வாங்கிய விசா இங்கே செல்லாது. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.