முத்துசுவாமி தீட்சிதரும் எட்டயபுரத்து ஏடும்

கோயில் வீதியில் நாதசுரக் கச்சேரி தொடங்கும்பொழுது பெரும்பாலும் முதலில் ஒலிப்பது அம்சத்வனி இராகத்தில் அமைந்த ‘வாதாபி கணபதிம்’ என்னும் கீர்த்தனமே. அந்த இராகத்தை ஆக்கியவர் இராமசுவாமி தீட்சிதர். கீர்த்தனத்தை ஆக்கியவர் அவருடைய மூத்த மைந்தராகிய முத்துசுவாமி தீட்சிதர். சங்கீத மும்மூர்த்திகளுள் வயதில் இளையவர் இவர். சியாமா சாத்திரிகளும் தியாகராச சுவாமிகளும் பிறந்த அதே திருவாரூரிலே 1775ஆம் ஆண்டளவில் இவரும் பிறந்தார்.

தந்தையார் சென்னையை அடுத்த மணலியில் முத்துகிருட்டிண முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தார். அங்கு வந்த சிதம்பரநாத யோகி என்னும் துறவி இளைஞரான முத்துசுவாமியைக் காசிக்கு அழைத்துச் சென்றார். அங்கே சில ஆண்டுகள் தங்கியதன் பயனாக வடநாட்டு இசையின் நிதானம் அவருள்ளத்திற் படிந்தது. ஊர் திரும்பியபின் ஆங்கிலேயரின் வாத்தியக் கோஷ்டி வாசித்த மெட்டுக்களைக் கேட்டு, அவற்றுக்கும் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். ஆங்கில அரசர்க்குரிய வாழ்த்துப்பாவின் மெட்டும் அவற்றுள் ஒன்று. தம்பி பாலுசுவாமியோ ஆங்கிலேயரிடமிருந்து பிடில் வாசிக்கக் கற்று, அதனைக் கருநாடக இசைக்கு இசைவித்தார். அயலாரிடமிருந்து கொள்வதற்கு அக்குடும்பம் கூசவில்லை.

தியாகராசருடைய பாடல் கேட்டவுடனே நெஞ்சைத் தொடும். தீட்சிதருடைய பாடல் காத்திருப்போருக்கே தன்னைக் காட்டும். அவர் வீணையில் வல்லவர். வீணைத் தந்தியை இழுத்துப் பிடிக்கும்பொழுது ஒரு சுரம் அடுத்த சுரத்தில் இழைவதுபோல, அவருடைய கீர்த்தனங்களும் விளம்ப காலத்தில் அசைந்து செல்லும். முடிவில் மட்டும் சாகித்தியம் விரைந்து நடக்கும். இராகத்தின் பெயரையும் பாட்டின் சொற்களுக்குள்ளேயே பொதிந்து வைப்பார். திருவாரூர்க் கமலாம்பிகைமீது பாடிய நவாவரணக் கீர்த்தனங்களை எட்டு வேற்றுமைகளிலும் முறையாக அமைத்தார். இலக்கண வகுப்பில் மாணவரை வருத்தும் வேற்றுமை உருபுகள் இவர் கையில் இசையாயின என்பது வியப்பே.

இத்தகைய நுட்பமான இசை எளிதிற் பரவுவதன்று. கேட்டோர் வாய்க்கு வந்தபடி பாடினால் அதன் உருவமே சிதைந்துவிடும். பொன்னையா, வடிவேலு முதலிய தஞ்சை நால்வரும், சுத்தமத்தளம் தம்பியப்பனும், இன்னுஞ் சிலரும் அவரிடம் நேரே பாடங் கேட்டனர். ஆனால் 1835இல் தீபாவளி நாளன்று தீட்சிதர் எட்டயபுரத்திற் காலமானார். அவர் பாடி மழை பெய்வித்த கதையை அவ்வூரார் இன்றும் சொல்வர். அதனினும் பெரிய காரியம் ஒன்று பின்னர் அதே ஊரில் நிகழ்ந்தது.

பாலுசுவாமி எட்டயபுரம் சமஸ்தானத்து வித்துவானாயிருந்தார். மகளின் புதல்வரான சுப்பராமரைத் தாமே மகனாக ஏற்றுப் பயிற்றினார். 1839இற் பிறந்த சுப்பராம தீட்சிதர் பெரியவரைக் கண்டவரல்லர். எனினும் குடும்பப் பாடமும் சுவடிகளும் அவரிடமே இருந்தன. அவற்றைப் பிறர்க்கு வெளியிட அவர் முதலில் தயங்கினார். அவர் இல்லையானால் அவையும் இல்லை என்ற நிலை. மேனாட்டு இசைக்குறியீடு அறிந்த கிறித்தவரான சின்னசுவாமி முதலியார், கண்பார்வை மங்கிய நிலையில், எட்டயபுர அரசரிடம் இதனை எடுத்துரைத்தார். அரசரின் விருப்பத்தைச் சுப்பராமரால் மறுக்க முடியவில்லை.

‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் அப்பெருநூல் 1904இல் எட்டயபுரத்திலேயே தெலுங்கு எழுத்தில் அச்சாயிற்று. தீட்சிதரின் 229 கீர்த்தனங்கள் அதில் உள்ளன. சுரங்களை மட்டுமன்றி, ஒவ்வொரு சுரத்தையும் எவ்வாறு அசைக்க வேண்டும் என்பதற்கும் சிறு குறிகள் இடப்பட்டுள்ளன. குரலின் நடுக்கத்தைக் காகிதத்திற் பிடிப்பது எத்துணை அரிது என்பது பாடிப் பழகியோர்க்கே விளங்கும். இரண்டாண்டுகளில், 1906இல், சுப்பராமர் மறைந்தார்.

தமிழ் எழுத்தில் அந்நூலைச் சென்னைச் சங்கீத வித்துவ சபை 1961 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது. இன்று மேடையிற் பாடப்படும் ‘வாதாபி கணபதிம்’ சங்கதிகள் அடுக்கடுக்காய் ஏறி விரைந்து செல்வது. நூலைத் திறந்து பார்த்தால் அதே பாடல் சங்கதிச் சுமையின்றி, எளிமையாய் நிற்கிறது.