உங்களுக்குத் தெரியுமா? ஆலையோடு பிறந்த ஊர்!

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள சால்ட்டேர் கிராமத்தின் பெயரில் ஒரு மனிதரும் ஓர் ஆறும் கலந்திருக்கிறார்கள். கம்பளி ஆலை அதிபர் டைட்டஸ் சால்ட். அருகே ஓடும் ஏர் ஆறு.

● பிராட்ஃபோர்ட் நகரம் புகையிலும் நெரிசலிலும் திணறியபோது, சால்ட் தம் ஆலையை நகருக்கு வெளியே கட்டினார். 1853இல், அவரது 50ஆவது பிறந்தநாளன்று அது திறக்கப்பட்டது.

● தென் அமெரிக்க அல்பாகா விலங்கின் ரோமத்தில் நெய்த பளபளப்பான துணியே அவருக்குச் செல்வம் சேர்த்தது.

● தொழிலாளர்களுக்காக 800க்கும் மேற்பட்ட வீடுகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா, முதியோருக்கான இல்லங்கள் எழுந்தன. மதுக்கடைக்கு மட்டும் இடமில்லை!

● பல தெருக்களுக்கு அவருடைய மனைவி, பிள்ளைகளின் பெயர்கள்.

● 1986இல் தறிகள் ஓய்ந்தன. அதே கூடங்களில் இன்று ஓவியர் டேவிட் ஹாக்னியின் படைப்புகள் காட்சி தருகின்றன. 2001இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.