ஒரு மாணவர், மூன்று பெயர்கள்

பல்கலைக்கழகங்களில் தகவல் தொழில்நுட்பம் குறித்துப் பேசும்போதெல்லாம் கணினிகளின் எண்ணிக்கையும் மென்பொருளின் விலையுமே முன்னிற்கின்றன. வாங்குவது எளிது. வாங்கியதை நிர்வாகத்தோடு பொருத்துவதில்தான் திட்டங்கள் தடுமாறுகின்றன.

நான் பணியாற்றிய பல்கலைக்கழகம் ஒன்றில் கணினிமயமாக்கல் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். சேர்க்கைப் பிரிவில் 'சு. முருகன்' என்றிருக்கும் மாணவர், தேர்வுப் பிரிவில் 'முருகன் சு.' ஆவார், விடுதிப் பதிவேட்டில் 'முருகன் சுப்பையா' ஆகிவிடுவார். மூன்று பிரிவுகளும் தனித்தனியே மென்பொருள் வாங்கியிருந்தன. வியப்பு என்னவெனில், மூன்றுமே பழுதின்றி இயங்கின!

குடும்பப் பெயர் வழக்கமில்லாத தமிழர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. ஆனால், இன்று அதன் விலை கூடியிருக்கிறது. மாணவர் ஈட்டும் மதிப்பலகுகளைச் சேமித்து, வேறு கல்வி நிறுவனத்துக்கும் மாற்றிக்கொள்ள உதவும் மதிப்பலகு வங்கிக்கான விதிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் வெளியிட்டது. மதிப்பெண் சான்றிதழ்களும் டிஜிலாக்கரில் சேர்கின்றன. ஆதாரில் ஒரு பெயர், பல்கலைக்கழகப் பதிவில் வேறொரு பெயர் என்றால், உழைத்துப் பெற்ற மதிப்பலகு உரியவரின் கணக்கில் சேராமல் நிற்கக்கூடும். வெளிநாட்டில் இடம் கிடைத்த ஒரு மாணவி, உறுதிமொழிப் பத்திரத்துடன் மூன்று பிரிவுகளுக்கும் அலைந்ததை நானே கண்டேன். ஒவ்வொரு பிரிவும் அடுத்ததைக் கைகாட்டியது.

புதிய மென்பொருள் வாங்கலாம் என்பதே முதலில் எழுந்த யோசனை. நல்லவேளையாக அது கைவிடப்பட்டது. தில்லி பல்கலைக்கழகத்தில் உருவான 'சமர்த்' போன்ற அரசுத் திட்ட மென்பொருளே இன்று கிடைக்கும்போது, மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. பெயருக்கு உரிமையாளர் எந்தப் பிரிவு, திருத்தும் அதிகாரம் யாருக்கு, எந்த ஆவணம் போதும் என்பவற்றுக்குத்தான் விடையில்லை. இவை கணினி மையம் தீர்மானிக்கக்கூடியவை அல்ல. எங்கள் மையத்துக்குப் பொறுப்பு இருந்தது. தேர்வுப் பிரிவுக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை.

இறுதியில், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரே மூலம். சேர்க்கைப் பிரிவு மட்டுமே அதைத் திருத்தலாம். மற்ற பிரிவுகள் அதை எடுத்தாளலாம் என்று பதிவாளரின் சுற்றறிக்கை வந்தது. ஒரு பக்கச் சுற்றறிக்கைதான். அதற்கு ஓராண்டு விவாதம் தேவைப்பட்டது. தங்கள் பதிவேட்டைத் தாங்களே திருத்த முடியாதா என்று தேர்வுப் பிரிவினர் மனம் வருந்தியதும் உண்மை. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அதன்பின் மூன்று மென்பொருள்களையும் இணைக்கும் பணி சில வாரங்களில் முடிந்தது.

தன்னைப் பற்றிய தரவில் உள்ள பிழையைத் திருத்தக் கோரும் உரிமைக்கு, 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகைசெய்கிறது. அக்கோரிக்கையுடன் வரும் மாணவர் எந்த மேசையின் முன் நிற்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இப்போதே எழுதிவைத்தாக வேண்டும்.