பெற்றோரைக் கடல் கடந்த இல்லங்களில் விடலாமா?

சுவிட்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் முதியோர் இல்லச் செலவு தாங்க முடியாமல், மறதி நோய் வந்த பெற்றோரைத் தாய்லாந்து இல்லங்களில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சுவிஸ் நாட்டவரான மார்ட்டின் வூட்லி தன் தாயைச் சியாங்மாய்க்கு அழைத்துச் சென்று பராமரித்தார். பின்னர் மற்றவர்களுக்காகவும் அங்கே ஓர் இல்லம் தொடங்கினார். ஒருவரை மூன்று பேர் முறை மாற்றிப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இதைக் கைவிடல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. ஆனால் வூட்லி தாயோடு தானும் போனார். அனுப்பிவிட்டு ஊரில் இருந்துகொள்பவர்களின் கதை வேறு.

நம்மவர்களின் நிலை தலைகீழ். பிள்ளைகள் லண்டனிலும் மெல்பேர்னிலும், வாப்பாவும் உம்மாவும் கொழும்பில். "ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை?" என்று கேட்பது எளிது. பிரித்தானியா 2012 ஜூலையில் விதியை இறுக்கிவிட்டது. தேவையான பராமரிப்பு சொந்த நாட்டில் காசு கொடுத்தும் கிடைக்காது என்று நிரூபித்தால்தான் பெற்றோரை அழைக்கலாம். இங்கே நல்ல இல்லம் ஒன்று இருப்பதே விசா மறுக்கப்படக் காரணமாகலாம்.

சட்டம் நம் நாட்டிலும் உண்டு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக் கூடாது என்கிறது. பராமரிப்புப் பணம் கோரி முதியவரே சபையிடம் விண்ணப்பிக்கலாம். பணத்தைச் சட்டம் வாங்கித் தரும், அவ்வளவுதான். சூரா அல்-இஸ்ராவின் 23ஆம் வசனம் பெற்றோரின் முதுமையைச் சொல்லும் இடத்தில் "இந்தக" என்ற சொல் வருகிறது. உன்னிடத்தில் என்று பொருள். கூலிக்கு ஆள் வைப்பதை இது தடுப்பதாக நான் விளங்கவில்லை. பிள்ளையின் பார்வைக்கு எட்டாத இடத்தில் விடுவதைத்தான் இது கேள்விக்குள்ளாக்குகிறது.

எங்கள் ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் அமைத்த தொழுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 1901ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தது. மருந்து வந்து குணமான பிறகும் வீட்டார் ஏற்காமல் அங்கேயே முதுமையடைந்தவர்கள் உண்டு. சோறும் மருந்தும் கிடைத்தன. வீடு திரும்பும் வழி மட்டும் இருக்கவில்லை. இல்லம் உள்நாடோ வெளிநாடோ, நான் முதலில் கேட்பது இதைத்தான்: பிடிக்கவில்லை என்றால் அவர் திரும்பி வர முடியுமா?

மறதி நோயாளிக்கு அதைக் கேட்கும் வாயும் போய்விடும். பிற்காலத்தில் கற்ற மொழிதான் பெரும்பாலும் முதலில் மறையும். கடையில் ஐம்பது வருடம் சிங்களம் பேசிய வாப்பா, கடைசியில் தமிழில் மட்டும் தண்ணீர் கேட்கலாம். பக்கத்தில் இருப்பவருக்கு அது விளங்க வேண்டுமே! எங்கே இருக்க விருப்பம் என்பதை நினைவு தெளிவாக உள்ளபோதே அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். இல்லத்தின் தாளில் கையொப்பமிடுமுன், வுழூச் செய்ய யார் உதவுவார், மௌத்தானால் எந்தப் பள்ளிவாசல் ஜனாஸாவைப் பொறுப்பேற்கும் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.