சேதன நெல்லுக்கு யார் விலை கொடுப்பது?

2021 மே மாதம் இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் இலங்கை அரசாங்கம் ஒரே வர்த்தமானியில் இறக்குமதித் தடை போட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது வன்னியில் காலபோக விதைப்பு பெரும்பாலும் முடிந்திருந்தது. முந்திய காலபோகத்தில் நாடு முழுவதும் 30 இலட்சம் தொன்னாக இருந்த நெல், 2021/22 இல் 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே போனது. இதை வைத்துச் சேதன விவசாயமே பிழை என்பது அவசர முடிவு. பிழை கணக்கில் இருந்தது. குளத்துநீர் பாயும் வயலில் ஏக்கருக்குச் சுமார் 90 கிலோ யூரியா போடுவார்கள். அதில் நைதரசன் 41 கிலோ. கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான். அதே சத்துக்கு மூன்று, நான்கு தொன் எரு வேண்டும். அதுவும் அந்தப் போகத்திலேயே முழுதாகப் பயிருக்குச் சேராது. இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களுக்கு மட்டும் அவ்வளவு எருவை எங்கே எடுப்பது, எத்தனை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவது?

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யூரியா இல்லாமலே வன்னி விளைவிக்கவில்லையா என்று கேட்பார்கள். விளைவித்தது, வேறு வழியில்லாமல். இன்றைய கமக்காரர் டீசல், வெட்டு மெசின் கூலி, வங்கிக் கடன் எல்லாவற்றையும் நெல் விற்ற காசில்தான் கட்ட வேண்டும். நஞ்சில்லாத சோறு வேண்டும் என்ற கவலை நியாயமானது. பசளையாலும் மருந்தாலும் வருவதாகப் பலர் அஞ்சும் சிறுநீரக நோய் வவுனியா வரை பரவியிருக்கும்போது அதைத் தட்டிவிட முடியாது. ஆனால் அந்நோயின் காரணம் இன்னும் முடிவாகவில்லை. பயிர் எருவிலிருந்து எடுப்பதும் யூரியாவிலிருந்து எடுப்பதும் ஒரே நைதரசன். சோற்றில் எச்சம் பற்றிய பயம் தெளிக்கிற மருந்தைச் சேர்ந்தது. குறைப்பதென்றால் முதலில் அதைத்தான் குறைக்க வேண்டும். 2021 தடையோ பசளையையும் மருந்தையும் ஒன்றாகப் பார்த்தது.

சேதன நெல் இலாபம் தரும் இடமும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் மொட்டைக்கறுப்பன் என்ற பாரம்பரிய நெல்லின் அரிசியைத் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள். வயலில் மாட்டுப்பட்டி அடைத்து எரு சேர்ப்பவருக்கு அந்தச் சந்தை கைகொடுக்கும். எல்லா நெல்லையும் சட்டத்தால் சேதனமாக்கியபோது அவருடைய நெல்லின் தனிமதிப்பே போய்விட்டது. ஏற்றுமதிச் சான்றிதழுக்கு நிலம் இரண்டு, மூன்று வருடம் மாறுதல் காலத்தில் இருக்க வேண்டும். அந்த வருடங்களில் விளைச்சல் குறையும், விலை கூடாது. அந்த இடைவெளியைக் கமக்காரர் ஒருவரே சுமக்க முடியாது: கொஞ்சத்தை அரசு மானியமாகத் தரட்டும், மிச்சத்தை நஞ்சில்லாத அரிசி கேட்கும் நாங்கள் விலையாகக் கொடுப்போம். ஆலையில் அந்த நெல்லைத் தனியாக நிறுத்து, தனியாகக் குற்றினால்தான் கொடுக்கிற காசு அவரிடம் போய்ச் சேரும்.