பூட்டிக் கிடக்கும் வீட்டில் கரையான்: கண்டறிவது எப்படி?

பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போய்விட, பல கிராமங்களில் பூர்வீக வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. சிலர் அவற்றில் விதை மூட்டை, சாக்கு, பழைய பத்திரங்களை வைத்திருப்பார்கள். குடியிருக்கும் வீட்டில் கரையான் மண் ஏறினால் துடைப்பம் படும்போதே கண்ணில் பட்டுவிடும். பூட்டிய வீட்டில் இருட்டும் ஈரமும் ஆள் நடமாட்டம் இல்லாததும் கரையானுக்கு வசதியாகிவிடும். அது மரத்தை உள்ளிருந்து தின்று, மேல்பரப்பை மட்டும் விட்டுவைக்கும். அதனால் பார்வைக்கு நன்றாகத் தெரியும் உத்தரமும் உள்ளே கூடாக இருக்கலாம். டார்ச் விளக்கும் திருப்புளியும் எடுத்துச் சென்று கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. மண் குழாய்
சுவரும் தரையும் சேரும் மூலை, நிலைக்காலின் அடி, சுவர் விரிசல், ஓட்டுக்குக் கீழுள்ள சட்டங்கள் ஆகிய இடங்களில் பென்சில் கனத்தில் மண் கோடு ஏறியிருக்கும். அதன் நடுவில் இரண்டு அங்குலம் உடைத்துப் பாருங்கள். வெள்ளை நிறப் பூச்சிகள் ஓடினால் கரையான் இப்போதும் வேலை செய்கிறது. ஒன்றும் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். உடைத்த இடம் ஈரமண்ணால் அடைபட்டிருந்தாலும் அதே பொருள்தான். அடைபடாவிட்டாலும் அருகில் புதுப்பாதை உள்ளதா என்று தேடுங்கள்.

2. மரத்தின் ஓசை
நிலை, கதவு, கைமரம், உத்தரம் ஆகியவற்றைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டுங்கள். வெற்றோசை கேட்டால் முனையால் லேசாகக் குத்துங்கள். எளிதாக இறங்கி, உள்ளே மண் அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

3. ஈசல் சிறகு
மழைக்குப் பின் கிளம்பும் ஈசல் கரையான் இனமே. மூடிய வீட்டுக்குள் ஜன்னல் ஓரத்திலும் சிலந்தி வலையிலும் சிறகுகள் குவிந்து கிடந்தால், அவை வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம். ஈசலின் நான்கு சிறகுகளும் ஒரே நீளம். சிறகு எறும்புக்கு முன்சிறகு நீளமாகவும் இடுப்பு ஒடுங்கியும் இருக்கும்.

4. மரத்தடியில் தூள்
மண் குழாயே இல்லாமல் கசகசா போன்ற மணிகள் உதிர்ந்திருந்தால் அது உலர்மரக் கரையான். மாவு போன்ற தூளும் சிறு வட்டத் துளைகளும் இருந்தால் அது மரத்தை உளுக்க வைக்கும் வண்டு, கரையான் அல்ல.

5. சாக்கும் காகிதமும்
தரையில் கிடக்கும் மூட்டைகளின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பத்திரம், பட்டா போன்றவற்றைப் பூட்டிய வீட்டில் வைக்கவே வேண்டாம்.

கண்டுபிடித்தபின்
உத்தரம் வெற்றோசை தந்தால் கூரை மேல் ஏறாதீர்கள். பரணில் பாரம் வைக்காதீர்கள். அதன் அடியில் யாரும் படுக்கவும் கூடாது. தச்சரை அழைத்து முட்டுக் கொடுத்தபின் மற்ற வேலையைப் பாருங்கள்.

மண்ணைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றினால் கண்ணில் பட்டவை மட்டுமே சாகும். ராணி பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருக்கும். எனவே சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடி இடைவெளியில் 12 மி.மீ. துளையிட்டு மருந்து செலுத்த வேண்டும். இதற்கு இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. கலந்து பயன்படுத்தலாம். பயிற்சி பெற்றவரைக் கொண்டு செய்வது நல்லது. முன்னதாகத் தானியங்களை அப்புறப்படுத்துங்கள். கிணற்றை ஒட்டி மருந்து விடாதீர்கள். வயலுக்கு வாங்கி மீந்த பூச்சிமருந்தை வீட்டுக்குள் தெளிக்கவே கூடாது. உலர்மரக் கரையான் மரத்துக்குள்ளேயே வாழ்வதால், அதற்கு மண்ணில் மருந்து விட்டுப் பயனில்லை. பாதித்த மரத்தை மாற்றுவதே வழி.

வராமல் தடுக்க
சுவரை ஒட்டி விறகு, ஓலை, வைக்கோல் அடுக்காதீர்கள். ஓட்டு ஒழுகலையும் குழாய்க் கசிவையும் சரிசெய்யுங்கள். மூட்டைகளைச் சுவரைவிட்டுத் தள்ளி, கல்மேல் பலகையிட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை கதவு, ஜன்னல்களைத் திறந்து கூட்டிவிடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் சாவியை உள்ளூர் உறவினரிடம் கொடுத்து, மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் மேற்சொன்ன ஐந்தையும் பார்க்கச் சொல்லலாம்.